வாடைக் காலத்தில் படகை எலி அண்டாமல் வைத்திருக்க

வாடைக் காற்று எழும்பிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கொட்பேத் துறைமுகத்தில் பலநாள் படகுகள் ஒன்றோடொன்று உரசிக் கட்டிக் கிடக்கும். எலிக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. படுக்கை, அடுப்பு, சிந்திய அரிசி, பழந்துணி எல்லாம் ஒரே அறைக்குள் இருக்கின்றன. எலி சேதம் என்றதும் எல்லோரும் வலையைத்தான் நினைக்கிறார்கள். வலையைப் பொத்தி எடுக்கலாம். எனக்குப் பயம் வயரைப் பற்றித்தான். அடித்தண்ணீர் இறைக்கும் பம்பின் வயர் அறுந்தால், நவம்பர், டிசம்பர் மழையில் படகு கட்டிய இடத்திலேயே தாழும். ரேடியோ வயர் அறுந்தது தெரியாமல் போனாலோ, அதை ஆழ்கடலில்தான் கண்டுபிடிப்பீர்கள்.

முதலில் படகை வெறுமையாக்குங்கள். அரிசி, மா, பருப்பு, கருவாடு, சவர்க்காரம்கூட வீட்டுக்குப் போக வேண்டும். சவர்க்காரத்தையும் எலி தின்னும். மெத்தை, போர்வையையும் இறக்குங்கள். பஞ்சு கிடைத்தால் கூடு கட்டிவிடும். அடுப்படியையும் மீன் அறையையும் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி நன்றாக உலர விடுங்கள்.

அடுத்து, எலி ஏற்கெனவே உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். அரிசி மணி அளவு புழுக்கை என்றால் சுண்டெலி. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் என்றால் பெரிய எலி. எலி உடம்பு உரசி உரசி நடக்கும் ஓரங்களில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். சந்தேகம் தீராவிட்டால் இரவில் தரையில் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவிவிடுங்கள். காலையில் கால்தடம் சொல்லிவிடும். எலி உள்ளே இருக்கையில் ஓட்டைகளை அடைக்கக் கூடாது. அடைபட்ட எலி வெளியேற வழி தேடிக் கண்டதையெல்லாம் கடிக்கும்.

ஆகவே அடைப்பதற்கு முன் பொறி. சுட்ட தேங்காய்ச் சொட்டை மிஞ்ச எனக்குத் தெரிந்து வேறு இரை இல்லை. பொறியைச் சுவரோரமாக, இரை வைத்த முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கும். எனவே இரண்டு மூன்று இரவு இரையை மட்டும் தின்ன விட்டு, அதன் பிறகு பொறியை ஏற்றுங்கள். நஞ்சு வேண்டவே வேண்டாம். தின்ற எலி கைக்கு எட்டாத பலகை இடுக்கில் போய்ச் செத்து அழுகும். நஞ்சுக் கட்டி மீன் அறைக்குள் விழுந்தால் அந்த அறையில் மீன் போட முடியாது.

பொறி சில இரவுகள் சும்மா கிடந்தால் அடைக்கத் தொடங்கலாம். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். பென்சில் நுழையும் ஓட்டை எல்லாம் அதற்கு வாசல் என்று கொள்ளுங்கள். டோர்ச் லைட்டோடு ஒருவர் உள்ளே குனிந்து தேடட்டும்: வயர் நுழையும் துளை, எஞ்சின் அறை மூடியின் ஓரம், காற்றுப் போக்கி, பைப் வெளியேறும் இடம். ஸ்பொஞ்சும் ரப்பரும் எலிப் பல்லுக்கு நிற்காது. துருப்பிடிக்காத கம்பி நாரை இறுக்கித் திணித்து, அதன்மேல் பைபர் ரெசின் பூசுங்கள். காற்றுப் போக்கிக்குக் கண் நெருக்கமான கம்பி வலை போதும். அதை முழுக்க அடைத்தால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும்.

இனிக் கயிறு. கப்பல் எலியோடு கொள்ளைநோய் துறைமுகம் துறைமுகமாகப் போனதை உலகம் கண்டது. கொழும்பும் 1914இல் அந்த நோயைப் பார்த்தது. பெருங்கப்பல்களின் கட்டுக்கயிற்றில் வட்டத் தகடு தொங்குவது எலி ஏறாமலிருக்கத்தான். படகுக் கயிற்றுக்கும் இரண்டடி அகலத் தகர வட்டம் வெட்டி, நடுவில் துளையிட்டு, படகிலிருந்து எட்டிய தூரத்தில் அசையாதபடி மாட்டலாம். கூரை எலி கயிற்றில் அனாயாசமாக நடக்கும், நான்கடி வரை தாவும், நீந்தவும் தெரியும். ஏறும் பலகையை இரவில் எடுத்துவிடுங்கள். பக்கத்துப் படகு திறந்து கிடந்தால் உங்கள் தகடு வீண். ஒரே வரிசையில் கட்டியிருக்கும் சம்மாட்டிமார் சேர்ந்து செய்தால்தான் பலன். பாச்சை உருண்டையையும் ஒலி எழுப்பும் கருவியையும் நம்பிக் காசைக் கரைக்க வேண்டாம். அந்தக் கருவி விற்றவர்களுக்கு அமெரிக்காவில் 2001இலேயே அரசு எச்சரிக்கை அனுப்பியது.

வாரம் ஒருமுறை படகில் ஏறிப் பொறியைப் பாருங்கள். பம்பை ஓடவிட்டுப் பாருங்கள். புழுக்கை கண்டால் காய்ந்தபடி கூட்டாதீர்கள், தூசி மூக்கில் ஏறும். கையுறை போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். அடித்தட்டில் தேங்கிய மழைத்தண்ணீரில் வெறுங்காலோடு, அதுவும் காலில் புண்ணோடு, இறங்கவே கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி எலியின் மூத்திரத்தில் வந்து நல்ல தண்ணீரில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

படகைத் துப்புரவாக்கிய பிறகு காய்ச்சலும் தலையிடியும் வந்து, கெண்டைக்கால் வலித்து, கண் சிவந்தால் பனடோல் போட்டுப் படுத்துக்கொள்ளாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எலி இருந்த படகைக் கழுவினேன் என்று டொக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.