கியர்பொக்ஸ் மாற்றிய ஓட்டோவும் புகைப் பரிசோதனையும்

2025 நவம்பர் டித்வா புயலில் சேற்றுத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்த ஓட்டோவை, தோட்டத்துக்குத் திரும்பிய பிறகுதான் நீங்கள் திறந்து பார்க்கிறீர்களா? உடனே ஸ்டார்ட் பண்ண வேண்டாம். முதலில் ஓயிலைப் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. அப்படியே ஓட்டினால் பெயாரிங்கும் பல்சக்கரங்களும் கெட்டு, கியர்பொக்ஸையே மாற்ற வேண்டி வரும்.

மாற்றுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். லொறியிலும் வேனிலும் கியர்பொக்ஸ் தனிப் பாகம். அதை மட்டும் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம். நம் பக்கத்தில் ஓடும் பஜாஜ் ஓட்டோக்களில் எஞ்சினும் கியரும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. எஞ்சின் இலக்கம் அந்தக் கூட்டில்தான் அடிக்கப்பட்டிருக்கும். "கியர் மாற்றிவிட்டேன்" என்று பாஸ் சொன்னால், உள்ளிருக்கும் பற்களை மட்டும் மாற்றினாரா, முழுக் கூட்டையும் மாற்றினாரா என்று கேளுங்கள். கூடு மாறினால் இலக்கமும் மாறும். அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்ய வேண்டும். புகை சுத்தமாக வந்தாலும் இலக்கப் பிரச்சினை தீராது. வீதியில் மறிக்கும்போதும், விபத்துக்குப் பிறகு காப்புறுதி கேட்கும்போதும் அது வெளியே வரும். அதனால் பழைய கூட்டை வைத்துக்கொண்டு உள்பாகங்களை மட்டும் மாற்றுவதே நல்லது. முடியாவிட்டால், ரசீது தராத கடையில் வாங்காதீர்கள். பதிவுப் புத்தகம் வெள்ளத்தில் போயிருந்தால், பொலிஸ் முறைப்பாடு செய்து அதன் பிரதியுடன் இரண்டாம் பிரதிக்கு விண்ணப்பியுங்கள்.

இனி புகை. கியர்பொக்ஸ் புகை விடாது. பரிசோதனையும் நியூட்ரலில்தான் நடக்கிறது. ஆனாலும் அந்த வேலைக்குப் பின் பல வண்டிகள் தவறுவதுண்டு. கழற்றிய சைலன்சர் இணைப்பு இறுகாமல் இருக்கும், காற்றுக் குழாய் விலகியிருக்கும், சேறு பிடித்த எயார் பில்டரையே திரும்பப் போட்டிருப்பார்கள். கிளட்ச் முழுதாக விடாவிட்டால் எஞ்சின் நின்றுபோகும். அதை மறைக்க ஐட்லிங்கைக் கூட்டிவைத்திருப்பார்கள்.

மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பதுளை நகரம் சுமார் 680 மீற்றர் உயரம். ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேல். மேலே போகப் போகக் காற்று மெலியும், காபரேட்டரோ பெற்றோலை அதற்கேற்பக் குறைக்காது. பெற்றோல் அரைகுறையாக எரிந்து காபன் மொனொக்சைட்டு கூடும். ஆகவே எந்த ஊரில் பரிசோதிக்கப் போகிறீர்களோ, அந்த உயரத்திலேயே காபரேட்டரைச் சரிபாருங்கள். பரிசோதனைக்கு மட்டும் பெற்றோலை மிகவும் குறைத்துவிடும் பாஸ்மாரும் இருக்கிறார்கள். சான்றிதழ் கிடைக்கலாம், ஆள் ஏற்றிக்கொண்டு ஏற்றம் ஏறும்போது எஞ்சின் கொதிக்கும்.

பரிசோதனை நாளில் இருபது நிமிடமாவது ஓட்டி, எஞ்சின் சூடான பின் போங்கள். தவறினால் அவர்கள் தரும் அறிக்கையைப் பத்திரமாக வைத்து, வண்டியோடு பாஸிடம் கொடுங்கள். காபன் மொனொக்சைட்டு கூடியிருந்தால் எயார் பில்டரையும் காபரேட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஐதரோகாபன் மட்டும் கூடியிருந்தால் பிளக்கிலிருந்து தொடங்கலாம். தேறிய சான்றிதழையும் காப்புறுதியையும் பதிவுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனால் வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கலாம். பழைய அனுமதிப்பத்திரம் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.