மோட்டார் வாகனக் காப்புறுதி: எதைத் தெரிவு செய்வது?

மாணவர்களே, ஹட்டன் – நுவரெலியா வீதியில் மழையும் மூடுபனியும் வழமையானவை. அங்கே ஓர் ஓட்டோ வழுக்கி, பாதசாரி ஒருவரைக் காயப்படுத்தி, மண்மேட்டில் மோதியது எனக் கொள்வோம். நட்டத்தை யார் ஈடுசெய்வார்?

1. மூன்றாந் தரப்புக் காப்புறுதி: 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டப்படி கட்டாயமானது. பாதசாரிக்குரிய நட்டஈட்டைக் காப்புறுதிக் கம்பனி ஏற்கும். ஓட்டோவைத் திருத்தும் செலவு உரிமையாளருடையது.

2. முழுமையான காப்புறுதி: மூன்றாந் தரப்புடன், சொந்த வாகனத்துக்கு விபத்து, தீ, களவு என்பவற்றால் ஏற்படும் நட்டத்தையும் உள்ளடக்கும். கட்டணம் அதிகம். மண்சரிவு, வெள்ளம் அடங்குமா எனப் பத்திரத்தை வாசித்து அறிதல் வேண்டும்.

தெரிவு: ஓட்டோ உழைப்பிலேயே குடும்பம் வாழ்கிறது எனின் முழுமையான காப்புறுதியே பாதுகாப்பு. பெறுமதி குறைந்த பழைய வாகனத்துக்கு மூன்றாந் தரப்புப் போதுமானதாகலாம்.

கவனிக்குக: வாடகைக்கு ஓடும் ஓட்டோவைச் "சொந்தப் பாவனை" எனக் குறிப்பிட்டுக் கட்டணத்தைக் குறைப்பது அதியுயர் நம்பிக்கைக் கோட்பாட்டை மீறுவதாகும். விபத்தின்போது நட்டஈட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். சேமித்தது சிறு தொகை; இழப்பது முழு ஓட்டோ.

பயிற்சி: உங்கள் வீட்டிலோ அயலிலோ உள்ள ஒரு வாகனத்தின் காப்புறுதிப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். அது எவ்வகையானது? காரணம் தருக.