டவர் ஹாம்லெட்ஸ் மன்றம்: வரியும் வாக்கும்

உள்ளாட்சி என்றதும் நம் எண்ணம் தெருவிளக்கிற்கும் சாக்கடைக்கும் செல்கிறதேயன்றி, அங்கு ஓர் அரசியல் வரலாறு இருக்கக்கூடும் என்பதை நாம் நினைப்பதில்லை. இலண்டன் மாநகரின் கிழக்கே, தேம்சு ஆற்றங்கரையில் அமைந்த டவர் ஹாம்லெட்ஸ் பரோ மன்றத்தின் கதை இவ்வெண்ணத்தை மாற்றவல்லது. இலண்டன் கோட்டையை அடுத்திருந்த சிற்றூர்கள் என்பதே இப்பெயரின் பொருள். பெத்னல் கிரீன், பாப்லர், ஸ்டெப்னி என்னும் மூன்று பழைய பரோக்கள் 1965ஆம் ஆண்டு ஒன்றிணைக்கப்பட்டு இம்மன்றம் உருவாயிற்று.

இம்மூன்றனுள் பாப்லரின் வரலாற்றையே நாம் விரிவாக நோக்குதல் தகும். துறைமுகத் தொழிலாளர் நிறைந்த பகுதி அது. கப்பல் வந்தால் வேலை, வாராவிடில் பட்டினி. 1919ஆம் ஆண்டுத் தேர்தலில் தொழிற்கட்சி அங்கு மன்றத்தைக் கைப்பற்ற, ஜார்ஜ் லான்ஸ்பரி மேயரானார். வறியோர்க்கு உதவித்தொகை தரும் பொறுப்பு அக்காலத்தில் அந்தந்தப் பகுதியையே சார்ந்திருந்தது. ஏழைகள் மிகுந்த இடத்தில் செலவு மிகுதி. கட்டட மதிப்புக் குறைவாதலால் வரி வருவாயோ சொற்பம். செல்வர் வாழும் வெஸ்ட்மின்ஸ்டரில் அதே விகித வரி பன்மடங்கு தொகையை ஈட்டிற்று. ஏழையின் சுமையை ஏழையே சுமக்க வேண்டும் என்னும் இவ்வேற்பாட்டை நீதி என்று எவ்வாறு கூறுவது?

1921இல் பாப்லர் மன்றம், இலண்டன் மாவட்ட மன்றம், காவல்துறை முதலியவற்றிற்கு வசூலித்துத் தரவேண்டிய வரியை விதிக்க மறுத்தது. வழக்குத் தொடரப்பட்டது. உறுப்பினர்கள் சூலைத் திங்களில் ஊர்வலமாகவே உயர்நீதிமன்றம் சென்றனர். நீதிமன்ற ஆணைக்குப் பணியாத முப்பதின்மர் செப்டம்பரில் சிறை புகுந்தனர். ஆடவர் பிரிக்ஸ்டனுக்கும் மகளிர் ஹாலோவேக்கும் அனுப்பப்பட்டனர். நெல்லி கிரெஸ்ஸல் அம்மையார் அப்போது கருவுற்றிருந்தார். சிறைக்குள்ளேயே மன்றக் கூட்டங்கள் நடைபெற்றன என்பது வியப்பிற்குரியது; மகளிர் உறுப்பினர் அதற்கென ஹாலோவேயிலிருந்து அழைத்து வரப்பட்டனர். ஏறத்தாழ ஆறு வாரங்களில் அரசு இறங்கி வந்தது. வறியோர் உதவிச் செலவைச் செல்வப் பகுதிகளும் பகிர்ந்துகொள்ளுமாறு அவ்வாண்டே சட்டம் இயற்றப்பட்டது. சிறை மீண்ட மின்னி லான்ஸ்பரி 1922 சனவரி முதல் நாளில், 32ஆம் அகவையில் மறைந்தார். இவ்வெற்றியின் விலையைக் கணக்கிடுவோர் அவரையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

புதிய மன்றத்தைத் தொழிற்கட்சி தொடக்கமுதல் 1986 வரை ஆண்டது. பின்னர் லிபரல்கள் மிகச் சிறு பெரும்பான்மையில் வந்து, நிர்வாகத்தை ஏழு வட்டாரங்களாகப் பிரித்தனர். இதற்கிடையில் வங்காளதேசத்தின் சில்ஹெட் பகுதியினர் இங்குப் பெருமளவில் குடியேறியிருந்தனர். வீட்டு ஒதுக்கீடு பற்றிய கசப்பு, இனப்பகையாக வளர்க்கப்பட்டது. 1993 செப்டம்பரில் மில்வால் இடைத்தேர்தலில் பிரிட்டிஷ் தேசியக் கட்சி 7 வாக்குகளில் வென்றது. எட்டுத் திங்களுக்குள், 1994 மே தேர்தலில் மக்கள் அவ்விடத்தை மீட்டனர். தொழிற்கட்சியும் ஆட்சிக்குத் திரும்பியது.

2010ஆம் ஆண்டு, நேரடித் தேர்தலில் வரும் மேயர் முறையை மக்கள் வாக்கெடுப்பில் ஏற்றனர். மேயரின் வரவுசெலவுத் திட்டத்தை மாற்ற மன்றத்தில் மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும் என்பதால் அப்பதவியின் வலிமை பெரிது. அவ்வாண்டு அக்டோபரில் லுத்புர் ரஹ்மான் சுயேச்சையாக வென்றார், 2014இலும் வென்றார். ஆயின் 2015 ஏப்ரலில் தேர்தல் நீதிமன்றம், முறைகேடுகள் நிகழ்ந்தன எனத் தீர்ப்பளித்து அத்தேர்தலைச் செல்லாததாக்கி, அவர் ஐந்தாண்டு போட்டியிடத் தடை விதித்தது. சிறுபான்மையினர் போராடிப் பெற்ற பதவி இவ்வாறு இழக்கப்பட்டது நமக்கு வருத்தமே. எனினும் வழக்குத் தொடுத்த நால்வரும் அப்பகுதி வாக்காளரே என்பதை நாம் மறத்தலாகாது. அடுத்து நடந்த தேர்தலில் தொழிற்கட்சியின் ஜான் பிக்ஸ் மேயரானார்.

தடைக்காலம் முடிந்தபின் 2022இல் ஆஸ்பயர் கட்சியின் சார்பில் நின்று ரஹ்மான் மீண்டும் வென்றார். அத்தேர்தலில் 45 இடங்களுள் ஆஸ்பயர் 24, தொழிற்கட்சி 19, கன்சர்வேட்டிவ் 1, பசுமைக் கட்சி 1 எனப் பெற்றன. முன்னைய ஆட்சியில் அவர்க்கு வாய்க்காத மன்றப் பெரும்பான்மை இம்முறையே கிட்டிற்று.