ஒரே பிள்ளை, ஓராயிரம் வேலை

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ ஆரம்பித்தாயிற்று. நான் ஒரே மகள். கூடப்பிறந்தவர்கள் இல்லையே என்று தவிக்கிறேன். எப்படிச் சமாளிப்பது?
– வாசகி, திண்டுக்கல்

நாலு பிள்ளைகள் உள்ள வீட்டிலும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓ.பி. வரிசையில் நிற்பது ஒருத்திதான்; மற்ற மூவரும் வாட்ஸப்பில் பப்பாளி இலைச் சாறு சிபாரிசு செய்வார்கள். அந்தச் சண்டை உங்களுக்கு மிச்சம்! 'எதுன்னாலும் சொல்லுக்கா' என்று சித்தி மகன் ஒருவன் சொல்லியிருப்பானே, அவனை மட்டும் விடாதீர்கள். கீமோ பல நேரம் 21 நாளுக்கு ஒருமுறைதான்; தேதி முன்பே தெரியும். 'அடுத்த செவ்வாய் நீ கூட வா' என்று நாள் குறித்தே கேளுங்கள். மருந்துப் பட்டியலை ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். தெர்மாமீட்டர் 100.4 காட்டினால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். அதை அவனிடமும் சொல்லி வையுங்கள்.