பாட்டு மேடையும் நாட்டு அரசியலும்

கேள்வி: பாட்டுப் போட்டியில்கூடவா நாடுகளின் அரசியல் நுழையும்?
– ஏலத்தோட்டத் தொழிலாளி, சாந்தன்பாறை

பதில்: நுழையும். 2022-இல் உக்ரைன் மீது படையெடுத்த மறுநாளே யூரோவிஷன் பாட்டுப் போட்டியிலிருந்து ரஷ்யா விலக்கப்பட்டது. அந்த ஆண்டுப் போட்டியில் நடுவர் மதிப்பெண்ணில் நான்காவதாக இருந்த உக்ரைனை மக்கள் வாக்கு முதலிடத்துக்கு ஏற்றியது.

உங்கள் மலைக்கு நெருக்கமான கதை 2023-இல் நடந்தது. ஜீ தமிழின் சரிகமப சிறுவர் போட்டியில் யாழ்ப்பாணத்துக் கில்மிஷா பட்டம் வென்றார். அதே மேடைக்கு இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அசானியும் வந்தார். தமிழகத்திலிருந்து கூலிகளாக இலங்கைக்குப் போன மலையகத் தமிழரின் வருகையின் 200-ஆம் ஆண்டு நினைவுகூரப்பட்ட நேரம் அது. 1948-இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள் அவர்கள். அவர்களின் லயன் வீட்டு வாழ்க்கையைத் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் கொண்டுவந்தது எந்தத் தூதரகமும் அல்ல, அசானி என்ற ஒரு சிறுமியின் குரல். பட்டத்தைவிட அதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.