பிள்ளை அங்கே, தாய் இங்கே

மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளையை என்.ஐ.சி.யூ. எனப்படும் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கும் குடும்பத்தார் மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வருவதுண்டு. வருகிறவர் பெரும்பாலும் பிள்ளையின் வாப்பாதான். கையில் பில்லும் மருந்துச் சீட்டும் இருக்கும். தாய் எங்கே என்று கேட்டால், "வீட்டில் இருக்கிறாள், இன்னும் நாற்பது ஆகவில்லையே" என்பார். பிரசவமாகிப் பத்து நாளாகியும் பெற்ற பிள்ளையை இரண்டு தடவைக்கு மேல் பார்க்காத தாய்மார்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

அந்தத் தாயின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பிரசவ வார்டில் அக்கம்பக்கத்துக் கட்டில்களில் எல்லாம் பிள்ளை அழுகிறது, இவள் பக்கம் மட்டும் வெறுமை. ஒருவழியாக உள்ளே போனால், கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னஞ்சிறு உடம்பு, மூக்கில் குழாய், காலில் ஒயர். தொடவே பயம். மானிட்டர் கத்தினால் உயிர் போய் வருகிறது. (ஒயர் நழுவினாலும் அது கத்தும். நர்ஸிடம் கேட்டால் சொல்வார்.) 'எதைத் தின்றேன், என்ன செய்தேன்' என்று தன்னையே நொந்துகொள்கிறாள். பார்க்க வரும் உறவினரில் யாராவது ஒருவர் அதையே வாய்விட்டும் சொல்லிவிடுகிறார். வாப்பாவின் பாடு வேறு. டாக்டர் சொன்னதில் பாதியை மறைத்து, வீட்டில் "நல்லா இருக்கு" என்ற ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நாற்பது விஷயத்துக்கு வருவோம். நிஃபாஸ் காலத்தில் தொழுகையும் நோன்பும் இல்லை. ஆனால் பெற்றவள் வாசல் தாண்டக் கூடாது என்று மார்க்கத்தில் சட்டம் ஏதுமில்லை. நாற்பது என்பது ஹனஃபி மத்ஹபில் நிஃபாஸின் அதிகபட்ச வரம்பு, ஷாஃபியில் அது அறுபது. அவ்வளவுதான். பெட்டியின் அருகில் அமர்ந்து துஆவும் திக்ரும் செய்ய அவளுக்குத் தடையில்லை. ஆபரேஷன் ஆனவள் எப்போது நடக்கலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும், மாமியார் சொல்ல வேண்டாம்.

தாய் அருகிலிருப்பது மனஆறுதலுக்கு மட்டுமன்று, அதுவே சிகிச்சை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் டாக்டர் எட்கர் ரே என்பவர் எடை குறைந்த பிள்ளைகளைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கச் செய்தார். கங்காரு முறை என்று இன்று அழைப்பது அதைத்தான். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. பிள்ளையின் நிலை சீரான பிறகு அணைப்பதைவிட, பிறந்த உடனேயே அணைக்கத் தொடங்கியதில் 28 நாட்களுக்குள்ளான இறப்பு நூற்றுக்கு 15.7 என்பதிலிருந்து 12 ஆகக் குறைந்தது. அதில் சேர்க்கப்பட்டவை ஒரு கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் இருந்த பிள்ளைகள். நம் பிள்ளைக்கு எப்போது தொடங்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். தாய்க்கு முடியாதபோது வாப்பாவும் உம்மம்மாவும் அணைக்கலாம்.

அடுத்தது பால். பிள்ளைக்குச் சப்பத் தெரியாவிட்டாலும் குழாய் வழியே கொடுக்கலாம். இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை, இரவிலும், பீய்ச்சி எடுத்தால்தான் பால் வற்றாமலிருக்கும். முதலில் சில சொட்டுதான் வரும். அந்தச் சீம்பாலைக் கொட்டிவிடச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். சில மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிப் பாலும் கிடைக்கிறது. பால்குடி உறவு பற்றிய கேள்வி இதில் எழுகிறது, உலமாக்களிடம் கருத்து வேறுபாடும் உண்டு. அவசரம் வருமுன்பே டாக்டரிடம் தேவையையும் ஆலிமிடம் சட்டத்தையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. தாயின் சொந்தப் பால் போதுமானால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

பிழைக்குமோ என்ற பயத்தில் பெயர் வைக்கத் தயங்குகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் மகனார் இப்ராஹீமுக்குப் பிறந்த இரவிலேயே பெயர் சூட்டினார்கள். பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லியே பிள்ளையிடம் பேசுங்கள். பாங்கை, உள்ளே அனுமதி கிடைக்கும்போது மெதுவாகச் சொன்னால் போதும். ஏழாம் நாள் அகீகா முடியாவிட்டால் பிறகு கொடுக்கலாம். அந்தப் பணம் இப்போது மருந்துக்கு ஆகட்டும்.

அரசு மருத்துவமனைகளில் 2011 முதல் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் கீழ் நோயுற்ற பச்சிளங்குழந்தைக்குச் சிகிச்சையும் மருந்தும் இலவசம். தனியாரில் சேர்க்குமுன் இதை விசாரியுங்கள். நம்மிடம் உதவி கோரி விண்ணப்பிக்கும்போது, தாய் தினமும் போய்வரும் ஆட்டோ செலவையும் சேர்த்தே எழுதுங்கள்.