பருத்தி மருந்தும் ஒரு நொதியும்

நரம்பு, தசைக்குச் சேதி சொல்ல அசிட்டைல்கோலினைச் சுரக்கிறது. சேதி போனதும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதைக் கோலின், அசிட்டிக் அமிலம் என்று உடைத்துவிடும், தசை ஓய்வெடுக்கும்.

நம்ம இராஜபாளையம் பக்கம் பருத்திக்கு அடிக்கிற புரொபெனோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் இந்த நொதியில் ஒட்டி அதை முடக்கிவிடும். அசிட்டைல்கோலின் தேங்கும். கண்பாவை சுருங்கும், எச்சில் வடியும், மூச்சே நின்றுபோகும். 2017-இல் மராட்டிய மாநிலம் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் பலர் இறந்தார்கள். அடித்த மருந்துகளில் இவ்வகையும் உண்டு.

அட்ரோபின் ஊசி அறிகுறிகளைத் தணிக்கும்; பிராலிடாக்சிம் நொதியை விடுவிக்கும். தாமதித்தால் பிணைப்பு இறுகிவிடும். ஆகவே மருந்தடித்தவருக்குத் தலைசுற்றினால் சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

டப்பாவில் உள்ளதைப் படிக்கத் தெரிந்தவன் எங்க வீட்டில் நான் மட்டும்தான். உங்க வீட்டிலும் அப்படியென்றால், இன்றைக்கே சொல்லிவையுங்கள்.